7.18க்கும் 7.24க்கும் நடுவில்

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்தது. பகலில் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிற குடை அக்கா வரும் ரயில் 7.18. நான் ஏறும் வண்டி 7.24. நடைமேம்பாலத்தின் நடுவில் நின்று சாவியைக் கொடுத்தேன்.

"மாத்திரை குடுத்தாச்சுக்கா. வலது பாதம் லேசா வீங்கியிருக்கு, பாருங்க."

"நான் பாத்துக்கறேன், நீ ஓடு."

வெயிலோ மழையோ, அவள் கையில் குடை இருக்கும். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. கூட்டத்தில் முதலில் குடை தெரியும், பிறகுதான் அக்கா.

நாத்தனார் நேற்று ஃபோனில் மறுபடி அதையே ஆரம்பித்தார். "ஒரு சாவி வெட்டி அந்தப் பொம்பள கைல குடுத்துட்டா உனக்கு இந்த ஓட்டம் எதுக்கு?" சொன்னால் புரியாது. அக்காவுக்கு முன்னால் இருந்தவளிடம் சாவி இருந்தது. வந்துவிட்டேன் என்பாள், வந்திருக்க மாட்டாள். ஒருநாள் காய்ச்சலோடு நான் பாதியில் வீடு திரும்பினால், பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் ஈரத் துணியோடு, காலை டீகூடக் குடிக்காமல் கிடக்கிறார். அன்றைக்குப் போட்ட சட்டம் இது. சாவி ஒன்றே ஒன்றுதான். என் கையிலிருந்து அக்கா கைக்கு அது போனால்தான் வண்டி ஏறுவேன். அப்போதுதான் அவருக்கு ஆள் இருக்கிறது என்று எனக்கு நிச்சயம். நான் கிளம்பி அக்கா போய்ச் சேரும்வரை ஒரு அரை மணி நேரம் அவர் உள்ளே, பூட்டு வெளியே. பூட்டாமலும் போக முடியாது. ஒருமுறை தனியாக மாடிப்படிவரை வந்து நின்ற மனிதர்.

இருபது வருடம் ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கிய மெக்கானிக், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்தது.

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து புயல். சமையலறை ஜன்னல் போயிற்று, சட்டத்தோடு. கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டேன். "பயமா இருக்காங்க?" என்றால், "என்னை எந்தக் காத்தும் தூக்க முடியாது. நீதான் ஒல்லி, கட்டில் காலைப் பிடிச்சுக்க" என்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

மின்சாரம் இல்லை. ஃபோன் இல்லை. குழாயில் காலை அரை மணி நேரம் தண்ணீர். கீழ்வீட்டு மாமா கொண்டுவந்த செய்தி: ஆற்றுப் பாலத்தின் தூண் ஒன்று சாய்ந்துவிட்டது, ரயில் ஓடாது, ஒரு மாதம் என்கிறார்கள். மாமா எதையும் கூட்டித்தான் சொல்வார். இந்த முறை குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது.

அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் வேலை செய்யும் மருத்துவமனை அவள் ஊரையும் தாண்டி இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்கள். பஸ் என்றால் நாலு பஸ். ரயிலில் போகிற ஊர் முழுக்கவும் அந்த நாலு பஸ்ஸில்தான். பழைய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இருபது நிமிடப் பயணம் இரண்டு மணி நேரம். நிலைய வாசலில் கயிறு கட்டி வரிசை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில்வே ஊழியர் ஒருவர் கத்துகிறார், தொண்டை போய்விட்டது. எல்லோரும் அவரைக் கயிற்றுக்காரர் என்கிறார்கள். பெட்டியில் தினம் எதிரே உட்காரும் டீச்சரும் வரிசையில் இருந்தாள். ஏழு வருடமாக அவளை உட்கார்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு உயரம் என்று இன்றுதான் தெரிந்தது.

அக்காவின் பஸ் வரவில்லை. சட்டம் சட்டம்தான். மூன்று பஸ்ஸை விட்டேன். என் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஒன்பதரைக்கு அக்கா வந்து இறங்கினாள், புடவை முழங்கால்வரை சேறு. வாசலிலேயே சாவி. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

எங்கள் பிரிவில் மூன்று பேர் வரவில்லை. அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணி சுற்றி, ஆட்டோகிளேவின் நீராவியில் வேகவைத்து அனுப்புகிற வேலை. ஊரில் கூரை விழுந்தவர்கள், தகரம் அறுத்தவர்கள் எல்லாம் மேலே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. டேபிள்ல படுத்திருக்கறவனுக்கும் புரியணுமே" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடி பதினொன்றரை. எலும்பு அறுவை ட்ரே தயாராகாமல் ஒரு வயதான பெண்ணை ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்களாம். டாக்டர் கீழே இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்தார். திரும்பி மேலே போனார்.

சாயங்காலம் வீட்டில் அவரிடம் சொல்லி அழுதேன். "பூட்டிட்டுப் போயேன், அக்கா எப்ப வந்தா என்ன" என்றார். சாவி? "வாசல்ல எங்கயாவது ஒளிச்சு வை." மாட்டேன் என்றேன். அக்கா வராமலே போனால்? "அரை நாள் பட்டினி கிடந்தா செத்தா போயிடுவேன்?"

இப்படிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

அக்டோபர் 15, புதன்

பஸ்ஸில் ஒற்றைக் காலில் வந்தேன். இன்னொரு காலை வைக்க இடமில்லை. யாரோ ஒருவர் என் தோளில் தலைவைத்துத் தூங்கினார், எழுப்ப மனம் வரவில்லை. பழைய பாலத்தில் பஸ் நின்றபோது பாதிப் பேர் இறங்கி நடந்தார்கள். ஆற்றில் இன்னும் மரங்கள் போகின்றன.

பத்தே முக்கால். தினம் அரை மணியாவது முன்னேற்றம். இந்தக் கணக்கில் அடுத்த வாரம் எட்டு மணிக்குப் போய்விடுவேன் என்று டீச்சரிடம் சொன்னேன். சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கூரை இல்லை, ஆனாலும் கையெழுத்துப் போடப் போகிறாள்.

அக்டோபர் 16, வியாழன், பகல் 1 மணி, சாப்பாட்டு அறை

இதை எழுதியே ஆக வேண்டும். இன்று 8.50க்கு வந்துவிட்டேன்! ஏழு மணிக்கே முதல் பஸ் வந்தது. கூட்டம் தள்ளிய தள்ளில் நானும் படியில் ஏறிவிட்டேன், டீச்சர் என் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். இறங்கலாமா என்று திரும்பினால், எதிர்ப்பக்கம் பஸ் வந்து நிற்கிறது, ஜன்னலோரம் கருநீலக் குடை, வெள்ளைப் புள்ளி. அக்காதான். கயிற்றுக்காரர் படிக்குப் பக்கத்திலேயே இருந்தார். மூன்று நாளாகச் சாவி கைமாறுவதைப் பார்க்கிறவர். சாவியை அவர் கையில் திணித்து, "குடை அக்கா வந்துட்டாங்க, குடுத்துடுங்க" என்றேன். தலையை ஆட்டினார். பஸ் எடுத்துவிட்டது.

நடுவில் ஒரு கை. அவ்வளவுதானே. பரவாயில்லை.

பதினாலு ட்ரே முடித்தேன். பொறுப்பாளர் அம்மா தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினார். இந்நேரம் அக்கா கஞ்சி கொடுத்து முடித்திருப்பாள். ஜன்னல் பக்கம் சாய்த்து உட்கார வைத்திருப்பாள். புயலுக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

அக்டோபர் 18, சனி

அது அக்கா இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதிப் பார்க்கிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாடி திரும்பும்போதே பூட்டு தொங்குவது தெரிந்தது. காலையில் நான் பூட்டியபடியே. அக்கா அவரைத் தனியாக வெளியே கூட்டிப் போயிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன் — மூணு மாடி, எப்படிக் கூட்டிட்டுப் போவா, பைத்தியம் எனக்கு. அப்புறம் சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். தரையில் கைத்தடி.

சாவி என்னிடம் இல்லை. என் வீடு, என் பூட்டு, உள்ளே என் புருஷன், என்கிட்ட சாவி இல்ல. கதவை அறைந்தேன். "வந்துட்டேங்க, வந்துட்டேன்" என்று கத்தினேன். கீழ்வீட்டு மாமா சுத்தியலோடு ஓடி வந்தார். பூட்டு உடனே உடையவில்லை. நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கினவள் நான்தானே.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். காலை ஒன்பது, ஒன்பதரை இருக்குமாம், தண்ணீர்ச் சொம்பை எட்டப் போய் விழுந்திருக்கிறார். வலது கை உடம்புக்கு அடியில். தோள் இறங்கிவிட்டது. தண்ணீர் கொட்டி, அதிலேயே, எல்லாவற்றிலேயுமே கிடந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. நாள் முழுக்க இடது கையால் தட்டியிருக்கிறார்.

மாமா படியில் உட்கார்ந்து அழுதார். "தட்டுற சத்தம் கேட்டுச்சும்மா. காலைலேர்ந்து கேட்டுச்சு. ஊர் முழுக்க ஆணி அடிச்சுக்கிட்டிருக்காங்களே, நீ யாரையோ வச்சு ஜன்னல் சரி பண்றேன்னு நினைச்சேன். நானும் என் வீட்ல அடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவரை என்ன சொல்வது? அவர் தூரத்தில் இருந்து கேட்டார். நான் சாவியைக் கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தோளைச் சரி செய்துவிட்டார்கள். இடுப்பில் தோல் கன்றிப் புண்ணாகியிருக்கிறது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்கிறது. அதுதான் பயம் என்கிறார் டாக்டர். இது நான் வேலை செய்கிற இடம் இல்லை, பக்கத்துச் சின்ன மருத்துவமனை. அங்கே கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. மற்றவர்களுக்காகக் கருவி அடுக்குகிறேன், அவரை அங்கே சேர்க்க முடியவில்லை.

கயிற்றுக்காரர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். எப்படியோ விசாரித்து வந்திருக்கிறார். அந்தக் குடையோடு இறங்கிய பெண்ணிடம் நீட்டினாராம், "என் சாவி இல்லையே" என்று போய்விட்டாளாம். அக்கா பின்னால் வருவாள் என்று சட்டைப்பையில் போட்டவர், ஒன்பது மணிக்கு வேறு வாசலுக்கு மாற்றியதும் மறந்துவிட்டார். "அந்தச் சாவிக்குப் பின்னால ஒரு ஆள் இருக்காருன்னு எனக்குத் தெரியாதும்மா." தெரியாதுதான். நான் சொல்லவே இல்லையே. எனக்கு வண்டி பிடிக்கிற அவசரம்.

அக்டோபர் 21, செவ்வாய்

அக்கா வந்தாள். அன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலு மணி நேரம் நின்றிருக்கிறாள். அவள் நிறுத்தத்தில் எந்தப் பஸ்ஸும் நிற்காமலே போனதாம், திரும்பிப் போய்விட்டாள். நடந்தாவது வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"வந்திருப்பேன்மா. ஆனா சாவியை நான் வாங்கலையே. நான் வாங்காம நீ போக மாட்டியே. நீ வீட்லதான் இருப்பேன்னு நினைச்சேன். அந்த ஒரு தைரியத்துலதான் திரும்பிப் போனேன்."

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். இரண்டு பேரும் அந்தச் சட்டத்தை நம்பினோம். அவள் மீறவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மூச்சு இன்று பரவாயில்லை. கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எதுக்கு இப்படிக் கத்துறாங்கன்னு அப்பல்லாம் திட்டுவேன். பத்து நிமிஷம் பொறுக்க மாட்டாங்களான்னு" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவரே சிரிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

தகவல் போய் நாத்தனார் வந்திருக்கிறார். ரயில் இல்லாததால் மகனுடைய காரில் சுற்றுவழியாக ஒன்பது மணி நேரம். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. வார்டு வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பியை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "என் வீடு தரையோட இருக்கு. படி கிடையாது. பகல்ல வீட்ல எப்பவும் மூணு பேர். நீயும் மனுஷிதானே, எத்தனை நாள் ஓடுவ?"

"அவர் என் வீட்லதான் இருப்பார் அண்ணி."

"உன் வீட்லதான் இருந்தான்" என்றார்.

இரண்டு வருடம் குளிப்பாட்டியிருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன், ஒரு நாள் ஒரு வேளை தவறியதில்லை. அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நான் விட மாட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வீடு திரும்புவதே அவரிடம்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மாமாவும் இரண்டு பேரும் நாற்காலியில் வைத்து மேலே தூக்கினார்கள். நாத்தனார் இன்னும் இங்கேதான், சமையலறையில் வேலை செய்கிறார்.

இன்று காலை தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினேன். காற்றுக்கு அடிக்கும் என்று கதவை வெளியே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். நாத்தனார் உள்ளேயே இருக்கிறார், ஐந்து நிமிட வேலை. பாதிப் படியில் அவர் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிவந்து திறந்தால், வியர்த்துக் கொட்டி, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு —

"சாத்தாதே. சாத்தாதேடீ."

பிறகு, "சாரி" என்றார். என்னிடம்! என்னிடம் சாரி சொல்கிறார்.

அக்டோபர் 30, வியாழன்

கதவு நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பூனை வருகிறது, ஈ வருகிறது. நான் எழுந்து நின்றால் அவர் கண் என் கைக்குத்தான் போகிறது. என்னைப் பார்த்துப் பயப்படுகிறாரா என்று கேட்டேவிட்டேன்.

"உன்னைப் பாத்து இல்ல. நீ கிளம்புறதைப் பாத்து" என்றார். "நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். பாலம் சரியாகுற வரைக்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

காரின் பின்சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். எந்த மாத்திரை எப்போது என்று எழுதிய தாளை நாத்தனாரிடம் கொடுத்தேன். தண்ணீர் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்கணும், படுக்க வச்சுக் குடுக்காதீங்க, தாடையைத் துடைக்கும்போது இடப்பக்கம் நின்னு துடைங்க, வலப்பக்கம் வந்தா அவருக்குத் தெரியாது, திடுக்கிடுவார் — சொல்லிக்கொண்டே இருந்தேன். கார் கிளம்பிய பிறகும் இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது.

நவம்பர் 5, புதன்

நான் பூட்டாமலே வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

பஸ்ஸில் டீச்சர் கேட்டாள், "வீட்ல எப்படி இருக்கார்?" நல்லா இருக்கார் என்றேன். ஃபோன் வந்துவிட்டது, தினம் பேசுகிறோம். அவர் கேட்பது பாலத்தைப் பற்றி. தூணுக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த மாதிரி கிரேன் — மெக்கானிக் புத்தி. பஸ் பழைய பாலத்தில் ஊரும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவருக்காக எண்ணிக்கொள்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

ரயில் ஓடியது. பாலத்தின் மேல் ஆள் நடக்கிற வேகத்தில் போனது. பெட்டியில் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கீழேயே பார்த்தோம். அந்தப் பக்கம் போனதும் யாரோ கைதட்டினார்கள். கொஞ்சம் பேர் சேர்ந்து தட்டினார்கள். நானும்தான்.

நவம்பர் 19, புதன்

குடை அக்காவிடம் பேசிவிட்டேன். திரும்ப வரத் தயார் என்கிறாள், அழுதாள். கீழ்வீட்டு மாமி பகலில் இரண்டு முறை மேலே வந்து பார்க்கிறேன் என்றாள். புதுப் பூட்டுக்குச் சாவி மூன்று வெட்டியாயிற்று. அக்காவுக்கு, மாமாவுக்கு, எனக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி, கீழ்வீட்டில் அடிக்கும்படி. மாமாவே வயர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லப்போகிறேன். வரும் வாரமே கூட்டி வந்துவிடலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

ரயிலில் மூன்று மணி நேரம். போகும்போது முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா, மாமி, மணி, எல்லாவற்றையும் எந்த வரிசையில் சொல்வது என்று. அண்ணி குறுக்கே பேசினால் என்ன சொல்வது என்றுகூட.

வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்தில் பட்டது. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. தெருவில் போகிற ஒருவர் கையசைத்துவிட்டுப் போனார், இவரும் அசைத்தார். வந்து மூன்று வாரம்தான், அதற்குள் தெருவில் ஆள் பிடித்துவிட்டார். "வா வா, ஒண்ணு காட்டணும்" என்றார். நாத்தனார் மகன் சுவரோரமாக இரும்புக் குழாய் ஒன்று பதித்திருக்கிறான். அதை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன், "விடு" என்றார் நாத்தனார். வலது காலை இழுத்து இழுத்து ஒன்பது அடி நடந்தார். எங்கள் மூன்றாம் மாடியில் ஒன்பது அடி நடக்க நேர்ச் சுவரே கிடையாது. நான் கைதட்டினேன். அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அழுறதுக்கு ரயில் ஏறி வந்தியா?" என்றார்.

மதியம் தூங்கினார். எல்லாக் கதவும் திறந்து கிடக்க, சின்னப் பிள்ளைபோல வாய் திறந்து தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாடை நன்றாகத் துடைத்திருந்தது. இடுப்புப் புண் ஆறிவிட்டது, புரட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் கிளம்பும்வரை நான் எதையும் சொல்லவில்லை. ரயில் ஓடுவது அவருக்குத் தெரியும், அதில்தானே வந்தேன். அவரும் கேட்கவில்லை. வாசலில் என் பையை எடுத்துக்கொண்டபோது நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயம் இல்லை.

"அடுத்த ஞாயிறும் வருவியா?" என்றார்.

வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல.

"வர்றேங்க" என்றேன். அண்ணி நிலையம்வரை கூடவே வந்து, ஜன்னலோரமாக இடம் பிடித்து என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்.